புல் வண்டி ஓட்டிய வசந்தாமணி அக்கா

காலையில் ஹாக்கிப் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது வசந்தாமணி அக்காவின் கணவர் சுப்பிரமணி அண்ணனிடமிருந்து அழைப்பு வந்தது. விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பேசினேன்.

"மேடமுங்க, வசந்தா போயிட்டாளுங்க" என்றார்.

எப்போது என்று கேட்டேன். "விடியறதுக்குள்ளாரங்க. காப்பி வெச்சுட்டுக் கூப்பிட்டேன். எந்திரிக்கலீங்க." அவர் பக்கம் யாரோ குடத்தில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். பிள்ளைகளை நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். அன்றைக்குப் பயிற்சி அதோடு முடிந்தது.

இந்தக் கல்லூரியில் படித்துவிட்டுப் போனவர்களில் பலருக்கு வசந்தாமணி என்ற பெயர் தெரிந்திருக்காது. சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டி, அதற்கும் மேல் ஒரு ஓலைத் தொப்பியை வைத்துக்கொண்டு, மைதானத்தில் சிவப்பு வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த அக்கா என்றால் தெரிந்துவிடும். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் இங்கே உடற்கல்வி இயக்குநர். மைதானம் என் பொறுப்பு என்று தாளில் இருக்கிறது. உண்மையில் அது எங்கள் இரண்டு பேர் பொறுப்பாக இருந்தது.

அவர் தொண்டாமுத்தூருக்கு மேற்கே ஒரு ஊரிலிருந்து களையெடுக்கும் ஆட்களோடு இங்கே வந்தவர். கல்லூரி உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டு வண்டியை வாங்கியபோது அதற்கென்று ஓர் ஆளைப் போட்டார்கள். அவர் சில மாதங்களில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். வண்டி கொட்டகையில் நின்றது, புல் முழங்கால் வரை வளர்ந்தது. ஒரு நாள் வசந்தாமணி அக்கா களைக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டே என் அறை வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க மேடம், அந்த வண்டிச் சாவிய எங்கிட்டக் குடுக்கறீங்களா?"

"ஓட்டத் தெரியுமா அக்கா?"

"மொபெட்டு ஓட்டுவனுங்க. எருமையும் மேய்ச்சிருக்கறேன். இது ரெண்டுக்கும் நடுவாலதானுங்க இருக்குது."

அன்று மாலையே ஓட்டிக் காட்டினார். முதல் சுற்றில் கோல் கம்பத்தை உரசினார். இறங்கிப் போய்க் கம்பத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்ப ஏறினார். இரண்டாவது சுற்றில் உரசவில்லை. தாளாளர் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அக்காவை வண்டிக்கு மாற்றினார்கள்.

வண்டியை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புல்லை வெட்டுவது வண்டிக்கு அடியில் தொங்கும் ஒரு பெரிய இரும்புக் கவிப்பு. கவிழ்த்துப் போட்ட அண்டாவின் மூடியைப் போல இருக்கும். அதற்குள் இரண்டு கத்திகள் படுக்கைவாக்கில் சுற்றும். வெட்டிய புல் பக்கவாட்டில் ஒரு திறப்பு வழியாக வெளியே போகும். அந்தக் கவிப்புக்கு டெக் என்று பெயர். வண்டியில் எது கெட்டாலும் பொறுத்துக்கொள்ளலாம், டெக் கெட்டால் மைதானம் கெட்டது. அக்கா ஒவ்வொரு முறை வெட்டி முடித்ததும் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, டெக்கை இறக்கி, அடியில் அப்பியிருக்கும் புல்லைச் சுரண்டி எடுப்பார். சுரண்டுவதற்கு வீட்டிலிருந்து பழைய தோசைக்கரண்டி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். தண்ணீர் அடித்துக் கழுவினால் சீக்கிரம் ஆகுமே என்று நான் ஒருமுறை கேட்டேன். "தண்ணி பேரிங்குக்குள்ள போயிருமுங்க. அப்புறம் கத்தி கத்தும்" என்றார். பிளக் வயரைக் கழற்றாமல் டெக்குக்கு அடியில் கை விட்ட தோட்டக்காரர் ஒருவரை அவர் திட்டியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "கத்தி நின்னாப் பத்தாதுங்க. மறுக்கா சுத்தாதுன்னு தெரியோணும்."

எங்களுக்குள் சண்டையும் வரும். ஒரு சமயம் மைதானத்தில் புல் படிக்கட்டு போல ஏற்ற இறக்கமாக நின்றது. பந்து உருண்டு போகும்போது துள்ளியது. டெக் சாய்ந்திருக்கிறது என்று நான் சொன்னேன். இல்லவே இல்லை என்றார் அவர். அப்புறம் எனக்காக டெக்கை இறக்கி, சமதளத்தில் வைத்து, கத்தியின் முனையிலிருந்து தரைக்கு அளந்து சரி செய்தார். மறுபடியும் படி விழுந்தது. திரும்பவும் இறக்கினார். இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசாமல் ஒரு வாரம் போனது. கடைசியில் அவரே சிரித்துக்கொண்டு வந்தார். "டெக்கைக் குத்தம் சொல்லிப்போட்டோமுங்க மேடம். பின்னாடி ஒரு சக்கரத்துல காத்து கம்மி. வண்டியே சாஞ்சு நிக்குது. அது பாவம் என்ன பண்ணும்?" எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை. அன்று அவர் சாப்பாட்டிலிருந்து எனக்குக் கொள்ளுப்பருப்பு கொடுத்தார்.

மலையடிவாரம் என்பதால் யானை வருவதும் உண்டு. மழை பெய்த ஒரு வாரத்தில் கிழக்கு வேலியைத் தள்ளிக்கொண்டு வந்து, மைதானத்தைக் குறுக்கே கடந்து, தென்னை மரங்கள் பக்கம் போயிருந்தது. காலையில் பார்த்தால் நடுக்கோட்டிலிருந்து கோல் வரை தாம்பாளம் அளவுக்குக் குழிகள். அவற்றின் மேல் சக்கரம் இறங்கினால் டெக் தரையைச் சுரண்டிவிடும். அக்கா கூடையில் மண் சுமந்து ஒவ்வொன்றாக நிரப்பி, காலால் மிதித்து, புல் பத்தையை மேலே வைத்தார். "நேராத்தான் நடந்து போயிருக்குது. நாமதான் கோடு கோணலாப் போடறோம்" என்றார்.

இனி அந்த விபத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

ஆண்டு விழாவுக்கு மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். பிரித்துக்கொண்டு போனபோது கயிறு கட்டிய இரும்பு முளை ஒன்றைப் பிடுங்காமல் விட்டுவிட்டார்கள். புல்லுக்குள் தலைகூடத் தெரியாமல் நின்றது. அக்கா எப்போதும் வெட்டுவதற்கு முன்னால் ஒரு குச்சியோடு மைதானத்தை நடந்து பார்ப்பார். அன்றைக்கு வெள்ளியங்கிரி மலைப் பக்கம் மழை கறுத்து வந்தது. நனைந்தால் வெட்ட முடியாது. மறுநாள் எங்களுக்குப் போட்டி இருந்தது. நடக்காமல் ஏறிவிட்டார்.

நான் எதிர்க்கோடியில் வலை கட்டிக்கொண்டிருந்தேன். கேட்ட சத்தம் லாரி மோதியதைப் போல இருந்தது. கத்தி முளையில் அடித்து, அதன் முனை ஒடிந்து, பக்கவாட்டுத் திறப்பு வழியாகப் பறந்து போனது. படிக்கட்டு கேலரியில் எங்கள் அணித்தலைவி கீர்த்தனா உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். அந்த இரும்புத் துண்டு அவள் பக்கத்துப் படியில் பட்டு, சிமென்ட் பெயர்ந்து விழுந்தது.

நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் அக்கா வண்டியை அணைத்துவிட்டு அவளிடம் போயிருந்தார். தலை, கழுத்து, கை, கால் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "வலிக்குதா கண்ணு? எங்கயாச்சும் பட்டுதா கண்ணு?" அவள் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உறுதியான பிறகு அக்கா படிக்கட்டுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். அப்புறம் மழை வந்தது.

மறுநாள் தாளாளர் அறையில் கூப்பிட்டு விசாரித்தார்கள். நான் பந்தல்காரர்கள் மேல்தான் தவறு என்று பேசினேன். வெல்டர் ராயப்பனும் அதையே சொன்னார். கல்லூரிப் பட்டறையில் வேலை செய்பவர் அவர். தாளாளர் அக்காவைப் பார்த்தார்.

"முளைய உட்டுப்போட்டுப் போனது அவிங்க தப்புங்க. நடந்து பாக்காம ஏறுனது எம்பட தப்புங்க" என்றார் அக்கா. மழையைப் பற்றியோ போட்டியைப் பற்றியோ அவர் பேச்செடுக்கவில்லை.

தாளாளர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு இரவு முழுக்கத் தூக்கமில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "அந்தப் புள்ளை தலையில பட்டிருந்தா அவங்க அம்மாவுக்கு நான் என்னம்மா பதில் சொல்றது?" என்றார். வண்டியைக் கொட்டகையில் பூட்டச் சொன்னார். தோளில் மாட்டிக்கொண்டு வெட்டும் மிஷின்காரர்களுக்கு மைதானத்தைக் காண்ட்ராக்ட் விட்டார். அக்கா மறுபடியும் களையெடுக்கப் போக வேண்டும் என்று முடிவானது.

அக்கா ஒன்றே ஒன்று கேட்டார். "டெக்கை நான் சரி பண்ணி வெச்சுப்போடறனுங்க. ஓட்டறக்கு இல்லீங்க. ஒடைச்சது நானு. அதை ஒடைஞ்சபடி உட்டுப்போட்டு என்னால களை புடுங்க முடியாதுங்க."

தாளாளர் தலையசைத்தார்.

டெக்கை இறக்கிக் கவிழ்த்துப் போட்டபோது சேதம் நாங்கள் நினைத்ததைவிட அதிகமாக இருந்தது. ஒரு கத்தி போய்விட்டது. அதைத் தாங்கிச் சுற்றும் தண்டு வளைந்திருந்தது. தண்டைப் பிடித்திருக்கும் அலுமினியக் கூடு விரிசல் விட்டிருந்தது. கூட்டை முடுக்கிய துளையிலிருந்து விளிம்பை நோக்கி டெக்கின் தகடு கிழிந்திருந்தது. களை வேலை முடிந்த பிறகு அக்கா கொட்டகைக்கு வருவார். ராயப்பனும் வருவார். நான் பயிற்சி முடித்துவிட்டுப் போய் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன்.

அப்படி ஒரு சாயங்காலம் ருக்குமணி என்பவர் வந்தார். கீர்த்தனாவின் அம்மா. சோமனூரில் விசைத்தறி ஓட்டுபவர். மகள் போனில் சொன்னதைக் கேட்டுவிட்டு நேரே பஸ் ஏறி வந்திருந்தார். என் அறையில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"வண்டி ஓட்டுனவிங்க யாருங்க? நான் பாக்கோணும்."

கூட்டிக்கொண்டு போனேன். கொட்டகையில் அக்கா தரையில் உட்கார்ந்து டெக்கின் உள்பக்கத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ருக்குமணியைப் பார்த்ததும் எழுந்து கையைச் சேலையில் துடைத்தார். யார் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நாந்தானுங்க ஓட்டுனது."

ருக்குமணி ஆண் ஒருவரை எதிர்பார்த்து வந்திருக்க வேண்டும். அக்காவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "என்ன ஆச்சுன்னு எனக்குச் சொல்லுங்க. பொண்ணு சொன்னது எனக்கு வெளங்கல" என்றார்.

அக்கா எல்லாவற்றையும் சொன்னார். முளை, கத்தி, தான் நடந்து பார்க்காதது, துண்டு எந்தப் பக்கம் போனது என்பது வரை. ருக்குமணி மண்டியிட்டு உட்கார்ந்து அந்தத் திறப்புக்குள் கையை வைத்துப் பார்த்தார்.

"இந்த வழியாத்தான் தெறிச்சுதுங்களா?"

"ஆமாங்க. புல்லு வெளிய போற வழிங்க."

"அப்ப இதுக்கு ஒரு மறைப்பு வேண்டாமுங்களா?"

பக்கத்தில் நின்ற ராயப்பன் குனிந்து பார்த்தார். மேலே கீல் மாட்டுவதற்கான இரண்டு துளைகள் இருந்தன. வண்டி வந்தபோது அங்கே ஒரு மூடி இருந்திருக்கிறது. மரத்தைச் சுற்றிய பாத்தியில் இடிக்கிறது என்று முதலில் ஓட்டியவர் கழற்றி எறிந்திருக்கிறார். அக்கா அதைப் பார்த்ததே இல்லை. வண்டியே அப்படித்தான் என்று நினைத்திருந்தார்.

ருக்குமணி எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "எங்க தறியில குறுக்க ஓடற நாடாக்கட்டை தெறிச்சு எங்கூட்டுக்காரருக்கு ஒரு கண்ணு போச்சுங்க. அதுக்குப் பொறகுதான் எல்லாத் தறிக்கும் கம்பி கட்டுனோம். முன்னாலயே கட்டியிருக்கோணும்" என்றார். குரலில் கோபம் குறையவில்லை. யார் மேல் என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. டீ வாங்கிவரச் சொன்னேன், குடித்தார். மகளைப் பார்த்தார். போவதற்கு முன்னால் தாளாளர் அறைக்குள் போனார், நானும் கூடப் போனேன்.

"மறைப்பு போட்டு ஓட்டச் சொல்லுங்க" என்றார் அவரிடம். "அந்தக்காவே ஓட்டட்டுமுங்க. புதுசா ஒருத்தர் வந்தா அவிங்க மறுக்கா மொதல்ல இருந்து ஒரு தப்புப் பண்ணித்தான் கத்துக்குவாங்க."

தாளாளர் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு வேலை வேகமெடுத்தது. டெக்கின் கிழிசல் மேலும் ஓடாமலிருக்க அதன் நுனியில் ராயப்பன் ஒரு துளை போட்டார். கிழிந்த தகட்டைச் சுத்தியலால் தட்டி நேராக்கி, மேலே ஒரு பட்டை வைத்துப் பற்றவைத்தார். தண்டைக் கணபதிப் பகுதியில் ஒரு லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கினோம். பேரிங்கும் வண்டிக் கம்பெனியிலிருந்துதான் வர வேண்டும் என்று ஏஜென்ட் சொன்னதை நம்பாமல், அக்கா பழையதைத் துணியில் சுற்றி ஒரு மோட்டார் கடைக்கு எடுத்துப் போனார். அதன் மேலிருந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஊரில் பாதிக் கிணற்று மோட்டாரில் ஓடுவது அதே பேரிங்தான்.

அலுமினியக் கூட்டில்தான் தகராறு வந்தது. அதையும் பற்றவைத்துவிடலாம் என்றார் ராயப்பன். நன்றாகச் செய்பவர் ஒருவரை அவருக்குத் தெரியும். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"ஒட்டவெச்சு ஓட்டி, மறுக்கா தெறிச்சா?"

"தெறிக்காதுக்கா. நான் பொறுப்பு."

"நீங்க பொறுப்புன்னா தெறிச்சது திரும்பி வந்துருமுங்களா?"

புதுக்கூடு வரும் வரை காத்திருந்தோம். வெகு நாள் ஆனது. காண்ட்ராக்ட்காரர்கள் மைதானத்தை இங்கொன்றும் அங்கொன்றுமாக மொட்டையடித்திருந்தார்கள். பிள்ளைகள் என்னிடம் முணுமுணுத்தார்கள். அந்த இடைவெளியில் ராயப்பன் திறப்புக்கு ஒரு இரும்பு மறைப்பு செய்து கீல் வைத்து மாட்டினார். கீழே லாரி டயர் ரப்பரை வெட்டித் தொங்கவிட்டார்கள். மரப்பாத்தியில் இடித்தால் ரப்பர் மடங்கும், இரும்பு அங்கேயே நிற்கும்.

எல்லாம் பூட்டி முடித்த அன்று அக்கா வண்டியில் ஏறவில்லை. ராயப்பனை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். அவர் காலி மைதானத்தில் ஒரு சுற்று வந்தார். கத்தியின் சத்தம் சீராக இருந்தது. அக்கா தூரத்தில் நின்று கேட்டுவிட்டு, "நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிக் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தாளாளர் சில நாள் கழித்துக் கொட்டகைக்கு வந்தார். மறைப்பைக் காலால் உதைத்துப் பார்த்தார். குனிந்து வெல்டிங்கைப் பார்த்தார். அக்காவைக் கூப்பிட்டனுப்பி சாவியை நீட்டினார்.

அக்கா வாங்கவில்லை. "பயமா இருக்குதுங்க சார்" என்றார்.

தாளாளர் என்னைப் பார்த்தார். கடைசியில் சாவியை வண்டியின் மேல் வைத்துவிட்டு, "நான் போனதும் ஏறிப் பாரும்மா. நான் நின்னா உனக்கு ஓட்ட வராது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு அக்கா குச்சியை எடுத்துக்கொண்டு மைதானத்தை முழுவதும் நடந்தார். நானும் கூட நடந்தேன். அப்புறம் வண்டியில் ஏறி, கத்தியைச் சுற்றவிடாமல் வெறுமனே ஒரு சுற்று ஓட்டினார். இரண்டாவது சுற்றில் கத்தியை இறக்கினார். மறைப்புக்கு அடியிலிருந்து புல் தாழ்வாக, தரையோடு தரையாக விழுந்தது. பாதி மைதானத்தை வெட்டிவிட்டு நிறுத்தினார். மீதியை மறுநாள் வெட்டினார். அதற்கப்புறம் பல வருடங்கள் அவர்தான் ஓட்டினார். ஒருவருக்கும் ஒரு கீறல் விழவில்லை.

கீர்த்தனா இப்போது திருப்பூரில் ஒரு பள்ளியில் ஹாக்கி சொல்லித்தருகிறாள். அக்காவின் இறுதி எடுப்புக்கு அம்மாவோடு வந்திருந்தாள். ருக்குமணி சுப்பிரமணி அண்ணன் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. கால் வீங்கியபோது வண்டியில் உட்கார்ந்தே இருப்பதால்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். டயாலிசிஸ் தொடங்கிய பிறகு வாரத்தில் பாதி நாள் வர முடியவில்லை. வர முடியாத நாளில் யார் ஓட்டுவது என்ற பேச்சு வந்தபோது, "மேடம் ஓட்டட்டுமே" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "ஏனுங்க, வெட்டுனது சரியில்லீன்னு இத்தனை வருசமாச் சொல்லத் தெரிஞ்சுதுல்லங்க?"

அப்படித்தான் இந்த வயதில் நான் அந்த வண்டியில் ஏறினேன். அக்கா மைதான ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு கையால் சைகை காட்டுவார். திருப்பத்தில் வேகத்தைக் குறைக்கவில்லை என்றால் அங்கிருந்தே சத்தம் போடுவார். இரண்டு கத்தியையும் நானே கழற்றித் தீட்டி, ஆணியில் மாட்டி இரண்டு முனையும் ஒரே எடையா என்று சரிபார்த்து, திரும்பப் பூட்டிய அன்று, என் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கி நட்டை இன்னொரு சுற்று முடுக்கினார்.

கடைசியாக வீட்டில் பார்த்தபோது மெலிந்து கட்டிலில் படுத்திருந்தார். புல் எப்படி இருக்கிறது என்று கேட்டார். மழை பெய்து உயரமாக வளர்ந்துவிட்டது என்றேன். "ஒரே வெட்டுல தாழ்த்தாதீங்க அம்மணி. இன்னைக்குப் பாதி, நாலு நாள் கழிச்சுப் பாதி. அவசரப்பட்டா வேரு தெரியும்" என்றார். அத்தனை வருடத்தில் என்னை அவர் அம்மணி என்று, வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். ஒரு மடக்குக்கு மேல் குடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு மடக்கு கொடுத்தேன்.

எடுப்பு முடிந்த வாரத்தில் தாளாளர் என்னைக் கூப்பிட்டார். வண்டிக்கு ஆள் எடுக்க விளம்பரம் கொடுக்கலாமா என்று கேட்டார். கொஞ்ச நாள் பொறுங்கள் என்றேன். சனிக்கிழமை காலையில் பயிற்சிக்கு முன்னால் நானே வெட்டினேன். முடித்து இறங்கியபோது பிள்ளைகள் எல்லைக்கோட்டில் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தயங்கித் தயங்கி, "மேடம், அந்தப் பக்கம் ஒரு வரிசை விட்டுப்போச்சு" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். ஆமாம், விட்டுப்போயிருந்தது.

வசந்தாமணி அக்காவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்த வேலை ஒன்றுதான். வேறு எதையும் அவர் யாருக்கும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. இது போதும். மறுபடியும் ஏறி அந்த வரிசையையும் வெட்டிவிட்டு வந்தேன்.